குரலுக்கு என்ன குறைச்சல்

பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ ரேடியோதானே?" என்பது. பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நான் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தேன். அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கையிலிருந்த தாளை முணுமுணுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது. எனக்கு அது செருப்புக்குள் போன கல் மாதிரி அங்கேயே கிடந்தது. இவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் இன்னும் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காத ஒருத்தியைப் பார்த்து ரேடியோ என்று எதை வைத்துச் சொல்வார்கள்? வாயைச் சுற்றி இருப்பதை வைத்துத்தான். மேலுதட்டில் தொடங்கி இடது கன்னத்தில் பாதிவரைக்கும், அப்புறம் இடது கண்ணைச் சுற்றி ஒரு வளையம், நெற்றியோரத்தில் இன்னொன்று. வெள்ளை. வெறும் வெள்ளைகூட இல்லை, ரோஸ் கலந்த ஒரு வெள்ளை, வெயிலில் நின்றால் சிவக்கும். எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சை லீவில் உதட்டோரம் மிளகு அளவுக்கு வந்தது. பற்பசை ஒட்டியிருக்கிறது என்று அம்மா முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. அப்புறம் அவள் துடைக்கவேயில்லை. இது தொற்றாது, உடம்பை ஒன்றும் பண்ணாது, வெண்புள்ளி என்று சொல்லுங்கள், அந்த இன்னொரு வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று மதுரை டாக்டர் சொன்னார். வீட்டில் அந்த வார்த்தையையும் சொல்லவில்லை, இந்த வார்த்தையையும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என் குரலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இதை நான் இப்போது கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. ரொம்ப நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்ததுதான். இந்தக் கல்லூரி வராந்தாவில், இந்த பெஞ்சில், மின்விசிறி இல்லாத இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது சத்தமாக ஓட ஆரம்பித்தது. இங்கே ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் என்று மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது. சேரும்போதே ரேடியோவா டிவியா என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் மாற முடியாது. ரேடியோ என்றால் குரல் டெஸ்ட், டிவி என்றால் காமிரா முன்னால் நிற்க வேண்டும். இரண்டும் இன்றைக்குத்தான், ஒரே வராந்தாவின் இரண்டு முனைகளில். அந்த முனையில் டிவிக்கு வந்தவர்களின் கூட்டம் நெரிந்தது. பவுடர் வாசனை இங்கே வரைக்கும் வந்தது. இந்த முனையில் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். அப்பா என் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் நான் அச்சு அசல் அவருடைய அக்கா மாதிரி இருப்பேனாம், கல்யாண வீடுகளில் சொல்வார்கள். அதற்காக வலப்பக்கம் உட்கார்ந்தாரா? விருதுநகரில் பஸ் ஏறும்போது, ஜன்னலோரம் உட்காரு பாப்பா, காத்து வரும் என்றார். அது இடப்பக்க ஜன்னல். மதுரை வரைக்கும் என் இடது கன்னம் வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்குள் இருந்த ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. காற்றுக்காகத்தான் சொன்னாரா? ஒரு மனிதர் தன் மகளை ஜன்னலோரம் உட்காரச் சொன்னதைக்கூட இப்படிப் பிரித்துப் பார்க்கிறேனே, நான் என்ன பிறவி என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேன். ஆனால் பிரித்துப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

எஸ்தர் டீச்சரிடமிருந்துதான் இது தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுவிழாவுக்குக் கும்மி. நான் முன்வரிசை. ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. டீச்சர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, உன் குரல் கணீர்னு இருக்கு ரஞ்சனி, நீ மைக்கில் நிகழ்ச்சியைத் தொகுத்துச் சொல்லு, ஆடுறதுக்கு யாரையாவது போட்டுக்கலாம் என்றார். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் திரை மறைவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அங்கேயிருந்து பார்த்தால் ஆடுகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். கொலுசுகளையும் மருதாணி வைத்த குதிகால்களையும் பார்த்துக்கொண்டே, அடுத்ததாக, அடுத்ததாக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விழா முடிந்து எல்லாரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்தபோது டீச்சர் என்னைத் தேடினார் என்றுதான் சொன்னார்கள். தேடியிருக்கலாம். திரைக்குப் பின்னால்தானே உட்காரவைத்தார், அங்கே வந்து பார்த்திருக்கலாமே. அந்த மனுஷி நல்லவர். எனக்குத் தைரியம் வரட்டும் என்று நினைத்திருப்பார். நல்லவர்கள் செய்கிற காரியத்தில்தான் சந்தேகப்படுவது ரொம்பக் கஷ்டம். கெட்டவர்கள் என்றால் ஒரே அடியில் முடிந்துவிடும். ஒருத்தி வெள்ளைப்பூனை என்று கூப்பிட்டாள், நான் அவளோடு பேசுவதை விட்டேன், தீர்ந்தது. டீச்சரோடு எப்படிப் பேசாமல் இருப்பது? அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் எந்த விழா என்றாலும் மைக் எனக்குத்தான். குடியரசு தினம், மரம் நடு விழா, தலைமையாசிரியர் பணி நிறைவு. எல்லாவற்றுக்கும் என் குரல் இருந்தது. எந்தப் போட்டோவிலும் நான் இல்லை.

அப்புறம் மாமா கடை. அம்மாவின் தம்பி தங்கப்பாண்டி மாமா பஜாரில் ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். போன ஆடித் தள்ளுபடிக்கு என்னைக் கூப்பிட்டு, மருமகளே, உன் குரல்ல சொன்னா ஜனம் வரும் என்று கட்டில், பீரோ, டைனிங் டேபிள் என்று சொல்லவைத்துப் பதிவு செய்தார். அதே ஆடிக்கு அடித்த பேனரில் சோபாவில் சாய்ந்து சிரித்தது மோனிஷா, அவருடைய மகள். மோனிஷா அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரே கடைக்கு முகம் ஒரு வீட்டிலிருந்தும் குரல் இன்னொரு வீட்டிலிருந்தும் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான் என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதானா? ஒரு நாள் நூல்கண்டு வாங்கப் போனபோது, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று என்னை உரசுகிற மாதிரி கடந்து போனது. உள்ளே நான் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் நூல்கண்டைத் தேடிக்கொண்டே, இது எந்தப் புள்ள, சளி பிடிச்ச மாதிரிப் பேசுது என்றார், என்னிடமே. அவருக்குத் தெரியாது. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வெகுநாள் வைத்திருந்தேன். ஏனென்றால் அதில் சூது இல்லை. அவர் நூல்கண்டில் கண்ணாக இருந்தார். அப்படியானால் என் குரல் சளி பிடித்த குரலா? ஒலிபெருக்கியின் கோளாறாகவும் இருக்கலாம். அந்த ஆட்டோவில் யார் பேசினாலும் அப்படித்தான் கேட்கும். அல்லது அந்தக் கடைக்காரருக்கே காது மந்தமாக இருக்கலாம். இப்படி நான் அவரையும் விட்டுவைக்கவில்லை.

ஒரே ஒரு சாட்சி கிடைத்தால் போதும் என்று பல தடவை தேடியிருக்கிறேன். புள்ளி வருவதற்கு முன்னால், யாராவது ஒருத்தர், எங்கேயாவது, இந்தப் பிள்ளைக்கு நல்ல குரல் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவை போதும். ஐந்தாம் வகுப்பில் சுதந்திர தினத்துக்குப் பேசினேன். கொடியேற்ற வந்த ஒரு பெரிய மனிதர், நல்லாப் பயமில்லாமப் பேசுது என்றார். பயமில்லாமல் என்பது குரல் ஆகுமா? ஆகாது. அதற்கு முன்னால், கோயில் கொடை விழாவில் பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து பாடினேன். எல்லாரும் அக்காவைச் சொன்னார்கள். அதற்கும் முன்னால் போனால் ஒன்றும் இல்லை, வாய் ஓயாது என்று திட்டியதுதான் இருக்கிறது. சாட்சி இல்லை. ஆனால் பதின்மூன்று வயதில் யாருக்குத்தான் குரல் மாறாமல் இருக்கிறது? புள்ளி வந்த அதே சமயத்தில் குரலும் நன்றாக வந்திருக்கலாம். இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தது தற்செயலாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். இந்த 'லாம்' எனக்குப் பழகிவிட்டது. ஒரு வாசல் திறந்த மாதிரி இருக்கும், உள்ளே போனால் மறுபடியும் அதே வராந்தா.

பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டார்கள், நம்பர் சொல்லி. அவள் எழுந்து போனாள். கதவு திறந்தபோது ஏசிக் காற்று ஒரு பட்டை மாதிரி வந்து காலில் பட்டுப் போனது. அப்பா சட்டைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்து, தொண்டைக்கு நல்லது என்றார். நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு உண்மையில் எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். அப்பா கேட்டார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே கேட்டார். நான்தான் நீங்களே சொல்லுங்க என்றேன். சொல்லட்டும், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று. ரேடியோதான் பாப்பா, உன் குரலுக்கு என்ன குறைச்சல் என்றார். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். சோற்றைப் பிசையும்போது சோற்றைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் பார்க்கவில்லை.

எனக்கு வேண்டியது எது என்றால், அதுவும் ஒரு காட்சியாகத்தான் வருகிறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருக்குழாயில் வந்த தண்ணீரில் நாற்றம் அடித்தது. மாதக் கணக்கில் மனு கொடுத்தார்கள். ஒரு நாள் டிவியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தெல்லாம் வேர்வை, சுடிதார் முழுக்கப் புழுதி. குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள். காமிராக்காரனைப் பார்த்து, எனக்குப் பின்னால அந்தக் குடங்கள் எல்லாம் தெரியணும் என்றாள். அப்புறம் கவுன்சிலரிடம் ஒரு டம்ளரை நீட்டி, இதை நீங்க குடிப்பீங்களா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. பெரிய அழகும் இல்லை. அந்த மனிதர் டம்ளரைப் பார்த்தார், காமிராவைப் பார்த்தார், சிரிக்கப் பார்த்தார். அந்த முகம் அப்படி மாறியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அதை ரேடியோவில் சொல்லியிருந்தால் அவர் மழுப்பியதைத்தான் கேட்டிருப்போம். அன்றையிலிருந்து எங்கே போனாலும், இங்கே நின்று பேசினால் பின்னால் என்ன தெரியும் என்றுதான் எனக்குப் பார்வை போகிறது. பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், அப்பாவின் பருப்பு மில் வாசலில். ஆனால் இதையும் நான் நம்புவதில்லை. டிவி கிடையாது என்று சொல்லாமல் சொன்னதால்தானே டிவி வேண்டும் என்று தோன்றுகிறது? அவர்கள் என் முகத்தை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டாமல் இருந்திருந்தால் நான் அதை வெளியே கொண்டுவரத் துடித்திருப்பேனா? மற்றவர்களைச் சந்தேகப்பட்டு முடித்தபிறகு கடைசியாக வந்து நிற்பது இந்த இடம்தான். என் ஆசைக்கே சாட்சி கிடையாது.

அந்தப் பெண் வெளியே வந்தாள். பேர் ஃபர்ஹானா, ஊர் மேலூர் என்று சொன்னாள். பசிக்கிறது என்றாள். உள்ளே யார் கேட்கிறார்கள், ஆள் எப்படி என்று நான் விசாரித்தேன். ஆளைப் பார்க்கவே முடியாது என்றாள். ஒரு அறையில் நாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், கண்ணாடிக்குத் திரை போட்டிருக்கிறது, ஸ்பீக்கரில்தான் பேசுவார், முகத்தைப் பார்த்தால் காது கெட்டுப்போகும் என்பாராம்.

"உனக்கும் திரை போட்டிருந்துச்சா?" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். எல்லாருக்கும்தான் என்றாள். கொஞ்சம் தைரியம் வந்து, நான் ரேடியோ என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவள் என் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். சுவரில் தாள் ஒட்டியிருந்தது. வானொலி, குரல் தேர்வுக்கு வந்தவர்கள் இங்கே அமரவும் என்று எழுதி ஒரு அம்புக்குறி. அம்பு என் உச்சந்தலையைக் குத்திக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு முழுக் காலை நேரத்தை அவள்மீது செலவு செய்திருக்கிறேன், பாவம். சிரித்து முடிவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இந்த பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னது யார்? அப்பா. வராந்தாவுக்குள் நுழைந்ததும் டிவி பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் தோளைத் தொட்டு, இந்தப் பக்கம் வா என்று அழைத்து வந்தது அவர்தான்.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். அறை ரொம்பச் சின்னது. சுவரெல்லாம் கோணிமாதிரி ஏதோ தடிமனாக ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் முழுக்க அறுந்து, என் காதுக்குள் ரத்தம் ஓடுவதே கேட்டது. எதிரே கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் அழுத்தமான நீலத் திரை. திரைக்கு இடுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மேலே எங்கேயாவது காமிரா இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஸ்பீக்கரில் ஒருவர் செருமிக்கொண்டார். உட்காருங்க, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, முன்னால இருக்கிறதை வாசிங்க என்றார். வயதான குரல், அவசரமில்லாத குரல். வானிலைச் செய்தி ஒன்று, வெங்காய விலை பற்றி ஒன்று, காணாமல் போன ஒரு மீனவர் கரை திரும்பியது பற்றி ஒன்று. வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்றுதான் நினைத்தேன். மீனவரின் மனைவி கரையில் காத்திருந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கூட வாசித்தேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். எனக்கு நல்ல வார்த்தை வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக எல்லார் பாராட்டையும் கிழித்துப் பார்த்த நான், உள்ளுக்குள் எங்கேயோ அதையெல்லாம் நம்பிச் சேர்த்தும் வைத்திருந்திருக்கிறேன்.

"உச்சரிப்பு சுத்தமா இருக்கு" என்றார். "குரல் சாதாரணம்தான். மூக்குல கொஞ்சம் ஒலிக்குது. ரேடியோதான்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"குரல் நல்லாருக்குன்னு சொன்னாங்க சார்."

"யாரு?"

"எல்லாரும்."

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு தெரியலையே" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் போல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் அந்தக் குரல் உடனே மாறிவிடும், அடடா என்று ஒரு ஈரம் அதில் ஏறிவிடும் என்று பயந்து விழுங்கிக்கொண்டேன். வலித்தது. நெஞ்சில் யாரோ முழங்கையால் இடித்த மாதிரி வலித்தது. ஆனால் அந்த வலியைச் சுற்றி வேறு ஒன்று இருந்தது, அதற்குப் பேர் தெரியவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னைப் பற்றி ஒன்று சொல்கிறார், அதற்குள் புள்ளி இல்லை. திருப்பிப் பார்க்க அதில் பின்பக்கம் இல்லை. அந்த அறையிலேயே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போலிருந்தது.

"ரொம்பச் சாதாரணமா சார்?"

"நூறு பேர் பேசினா அதுல ஒண்ணு. அது குத்தம் இல்லம்மா. பயிற்சி பண்ணலாம். இடம் வேணும்னா தர்றோம், யோசிச்சு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க." அப்புறம் என்னிடம் இல்லாமல் வேறு யாரிடமோ, அடுத்த நம்பர் என்றார்.

வெளியே வந்ததும் வராந்தா பளீரென்று கண்ணைக் கூசவைத்தது. அப்பா எழுந்து நின்றார். என்ன சொன்னாங்க என்று கேட்டார். நான் அவர் முகத்தை ஒரு போலீஸ்காரன் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு, சாதாரணக் குரல் என்று சொல்லிவிட்டார், நூறில் ஒன்றாம் என்றேன். இப்போது தெரியும். பொய் சொல்லிப் பிடிபட்ட மனிதனுக்குக் கண் தாழும். அல்லது ஒரு மழுப்பல் வரும், அதனால என்ன பாப்பா என்று. இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். கண் தாழவில்லை. அவர் காது மடல் சிவந்தது. மில்லில் எடை குறைந்தால் லாரிக்காரனோடு சண்டை போடுகிறபோது அப்படித்தான் சிவக்கும். எவன் சொன்னான் என்று கேட்டுக்கொண்டே கதவைப் பார்த்து நடந்தார். வாசலில் நின்ற ஊழியர் குறுக்கே கையை வைத்தார். நான் ஓடிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்தேன்.

"அவனுக்குக் காது இருக்கா இல்லையா? அத்தனை மிஷினும் ஓடுற சத்தத்துல, நீ போன்ல அப்பான்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்குத் தனியாக் கேக்கும் பாப்பா. பக்கத்துல நிக்கிறவன் பேசுறது கேக்காது. உன் குரல் கேக்கும். அதையா சாதாரணம்கிறான்?"

நான் சட்டையை விடவில்லை. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. எஸ்தர் டீச்சருக்கு எப்படியோ, மாமாவுக்கு எப்படியோ, அது இனிமேல் தெரியப்போவதில்லை. இவருக்கு என் குரல் மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். அது நல்ல குரலா என்று அவரிடம் கேட்டது என் தப்பு. அவரை மெல்ல இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். நானும் உட்கார்ந்து, ரேடியோ வேண்டாம், டிவி பக்கம் டெஸ்டுக்குப் போகிறேன் என்றேன். இதைச் சொல்லவே எத்தனையோ வருஷம் ஆகும் என்று நினைத்திருந்தேன். வாயில் மிட்டாயின் இனிப்பு போவதற்குள் சும்மா வந்துவிட்டது.

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதின் சிவப்பு மெல்ல இறங்கியது. அப்புறம், "ஊரெல்லாம் பாக்குமே பாப்பா" என்றார். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. ஆக அதுவும் இருந்தது. ஜன்னலோரம் உட்காரவைத்தது காற்றுக்காக மட்டும் இல்லை, இந்த பெஞ்சுக்கு அழைத்து வந்தது குரலுக்காக மட்டும் இல்லை. நான் தப்பாகச் சந்தேகப்படவில்லை. சந்தேகம் சரி என்று தெரிந்தபோது வரும் என்று நினைத்த கோபம் மட்டும் வரவில்லை. இத்தனை நாளும் அதுவா இதுவா என்று ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டுமே அவரிடம் இருந்தது, ஒரே சட்டைப்பையில் மிட்டாயும் சில்லறையும் கிடக்கிற மாதிரி. ஊர் பார்த்தால் என்னை என்ன செய்யும் என்று அவருக்குப் பயம். அவர் என்னை ஒளித்தது அந்தப் பயத்தில்தான். அவமானம் என்று நான் படித்துவைத்திருந்ததற்குப் பயம் என்றும் ஒரு வாசிப்பு இருந்திருக்கிறது. ஆமாம்பா, பாக்கும் என்று மட்டும் சொன்னேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வலப்பக்கத்திலிருந்து இல்லை, நேராக. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெள்ளையையும் பார்த்தார், கறுப்பையும் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார். "எண்ணெய் வடியுது."

எங்கள் வீட்டில் என் முகத்தைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. பொட்டு கோணல் என்றோ, பரு வந்திருக்கிறது என்றோ, மை கலைந்திருக்கிறது என்றோ, ஒன்றும். மோனிஷாவைப் பார்த்ததும் அம்மா என்னடி கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடக்கிறது என்பாள். என்னைப் பார்த்து என்ன சாப்பிட்டாய் என்பாள். எண்ணெய் வடிகிறது என்பது சாதாரண வார்த்தை. மகள் ஒரு இடத்துக்குப் போகும்போது எல்லா அப்பன்களும் சொல்கிற வார்த்தை. எழுந்து குழாயைத் தேடிப் போகும்போது எனக்குக் கால் தரையில் சரியாகப் பாவவில்லை.

வெயிலில் கிடந்த தொட்டித் தண்ணீர், சுடச்சுட வந்தது. இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்தேன். கண்ணாடி இருந்தது, விளிம்பில் துரு ஏறி. பார்த்தேன். தண்ணீர் சொட்டுகிற ஒரு முகம். டிவிக்கு இது ஆகுமா என்று தெரியவில்லை. காமிரா முன்னால் வேறு ஒருவர் இன்னொரு 'நூறில் ஒன்று' சொல்லலாம். அல்லது அழகாகப் பேசி அனுப்பிவிட்டு, அப்புறம் அவர்களுக்குள் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அதை நான் பிரித்துப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க மாட்டேன். துப்பட்டாவால் துடைத்துக்கொண்டபோது இன்னொன்று தோன்றியது. என்னை இங்கே அனுப்பியதே அந்த நேரத்தில் அம்மாவுக்குப் போன் போடுவதற்காக இருக்குமோ? இவளுக்கு எடுத்துச் சொல்லு என்று போனை என் கையில் கொடுப்பதற்காக? நடையை வேகமாக்கினேன். வராந்தா திரும்பினேன்.

ரேடியோ பெஞ்சில் அப்பா இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இல்லை. படிக்கட்டில் இல்லை. போன் பேச வெளியே போயிருப்பார், நான் நினைத்தது சரிதான் என்று கால் தயங்கி நின்றது. அப்போது அந்த முனையிலிருந்து அவர் குரல் கேட்டது. டிவிக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவில், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒரு ஆள் இடத்தில் தன் கைக்குட்டையை விரித்துப் போட்டு, அதற்குக் காவல் மாதிரி நின்றுகொண்டிருந்தார். உட்காரப் போன ஒரு பையனைக் கை காட்டி நிறுத்தி, ஆள் வருது தம்பி, ஆள் வருது என்றார். பருப்பு மில்லில் பேசிப் பழகிய தொண்டை. வராந்தா முழுக்கத் திரும்பியது. ஆள் எது என்று தேடி, அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நடந்து போய் உட்கார்ந்தேன்.